சிமென்ட் செய்யாத குற்றம்

1987-ல் ஜோன்ஸ், ஹங்கர்ஃபோர்டு இருவரும் எழுதிய மருத்துவக் கட்டுரையின் தலைப்பு ‘சிமென்ட் நோய்’. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு, உள்ளே செருகிய உலோகத் தண்டைச் சுற்றித் தொடை எலும்பு கரைந்துபோனது. தண்டைப் பிடித்து நிறுத்தும் அக்ரிலிக் சிமென்ட்தான் அதற்குக் காரணம் என்று அன்று பரவலாக நம்பினார்கள். சிமென்ட் இல்லாத மூட்டுகள் வேகமாகப் பரவியதும் அந்த நம்பிக்கையால்தான். அந்த மூட்டுகள் நெடுங்காலம் எப்படித் தாங்கின என்று அறியக் கிளம்பிய என்னை, பழைய இதழ்த் தொகுதிகள் இந்தக் குற்றச்சாட்டின் வேருக்கே இழுத்துச் சென்றன.

1976-ல் பாஸ்டனில் எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஹாரிஸின் குழு, சிமென்ட் வைத்த தொடை எலும்பில் ஆங்காங்கே பெரிய குழிகள் விழுந்திருப்பதைப் பதிவுசெய்தது. புற்றுநோய் இல்லை, கிருமித்தொற்றும் இல்லை. திசுவில் நிறைந்திருந்தவை அந்நியத் துகள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள். எந்தத் துகளை விழுங்கின? பக்கத்தில் இருந்தது சிமென்ட். பழி அதன்மேல் விழுந்தது.

1990-ல் மலோனி, ஜாஸ்டி, ஹாரிஸ் முதலானோர் வெளியிட்ட கட்டுரை வழக்கையே புரட்டிப்போட்டது. அவர்கள் ஆராய்ந்த தண்டுகளில் சிமென்ட் துளியும் இல்லை. அவை எலும்பில் ஆடாமல் அசையாமல் நின்றன. ஆனாலும் எலும்பின் உட்சுவர், கரண்டியால் வழித்தெடுத்தாற்போல் அதே மாதிரி குழிந்திருந்தது. சம்பவ இடத்திலேயே இல்லாத சிமென்டை எப்படிக் குற்றம் சொல்வது?

இரண்டு ஆண்டுகளில் விடை வந்தது. இடுப்பெலும்பில் பொருத்தும் மூட்டுக் கிண்ணத்தின் உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தேய்கிறது. மைக்ரானுக்கும் குறைவான அதன் தூளை மூட்டு நீர் தன்னால் எட்ட முடிகிற இடமெல்லாம் சுமந்து செல்கிறது. அதை விழுங்கிய செல்கள் தூண்டும் அழற்சியே எலும்பைக் கரைக்கிறது.

துப்பு 1963-லேயே கிடைத்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோற்றன. காரணம் அறிய, டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார் அவர். டெஃப்லான் கட்டியாகப் பருத்தது; பாலிஎத்திலீன் பெரிதாக எதையும் காட்டவில்லை. பிளாஸ்டிக் தூள் உடலைச் சீண்டும் என்ற செய்தி அந்தத் தொடையில் எழுதப்பட்டிருந்தது. பாலிஎத்திலீன் மட்டும் அன்று தப்பிவிட்டது.

சிமென்ட் இல்லாத மூட்டு கடைசியில் வென்றதா? ஸ்வீடன் தேசியப் பதிவேட்டின் 1,70,413 அறுவை சிகிச்சைகளை அலசி 2010-ல் வந்த ஆய்வு சொல்கிறது: பத்தாண்டுகள் மறு அறுவை இல்லாமல் நிலைத்தவை, சிமென்ட் வைத்ததில் 94 சதவீதம், வைக்காததில் 85. ஆனால் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. கிருமித்தொற்று இல்லாமலே தளர்ந்து மாற்ற நேரும் அபாயம், சிமென்ட் இல்லாத தண்டுக்குப் பாதிக்கும் குறைவு. கிண்ணத்துக்கோ ஏறத்தாழ இருமடங்கு. தண்டைச் சுற்றி எலும்பு முறிந்து முதல் இரண்டு ஆண்டுகளில் மறு அறுவை செய்ய நேர்வதும் சிமென்ட் இல்லாதவற்றில் பல மடங்கு அதிகம். எலும்பு வலுவிழந்த முதியவருக்கு இது சிறிய விஷயமல்ல.

1990-களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனாலும் எலும்பு கரைவது பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும். மூட்டு மாற்றியவர்கள், வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எந்த மூட்டு, என்ன பிளாஸ்டிக் என்ற விவரத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.