கடல் கடந்த கல்வியும் கைவிடாத ஈமானும்

காரைக்கால் நகருக்கு வடக்கே, வங்கக் கடலின் அலையோசை கேட்கும் தொலைவில் அமைந்த ஊர் திருவேட்டக்குடி. தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயிலாலும் மீனவர் குடியிருப்புகளாலும் நெடுங்காலமாக அறியப்பட்டது. 2010ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று அவ்வூரில்தான் நிலைகொண்டுள்ளது. அதன் இடங்களில் ஒரு பாதி பிற மாநில மாணவர்க்கு உரியது. ஆகவே, தமிழில் ஒரு சொல்லும் அறியாத பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாய் வந்திறங்கும் காட்சியை அவ்வூர் மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர்.

அதே காரைக்கால் வட்டாரத்திலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகள் பாரிசுக்கும், இலண்டனுக்கும், இன்னும் தொலைவான நகரங்களுக்கும் கல்வி தேடிப் புறப்படுகின்றனர். வருவோரும் போவோரும் ஒரே மண்ணில் எதிரெதிரே கடந்து செல்கின்றனர். வழியனுப்பும் தாயின் நெஞ்சில் எழும் வினா ஒன்றுதான்: “போகிற இடத்தில் என் பிள்ளை தீனோடு இருக்குமா?” இவ்வினாவுக்கு நம் திருமறையும் வரலாறும் என்ன விடை பகர்கின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடற்பயணம் காரைக்கால் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த காலம் நீங்கலாக, 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும் வரை அவர்கள் கொடியே இங்குப் பறந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியபோது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. இன்று பாரிசைச் சுற்றிய ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்வதற்கு இவ்வரலாறே அடிப்படை.

பிரான்சுக்குச் செல்லுமுன்பே நம்மவர் சைகோனுக்குச் சென்றனர். இந்தோசீனா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் காரைக்கால், புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் அங்கே வணிகம் நடத்தினர். சைகோன் நகரின் நடுவே, முன்பிருந்த பள்ளிவாசல் நின்ற இடத்திலேயே, 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1975ஐ ஒட்டிய மாற்றங்களில் இந்தியரில் பெரும்பாலோர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். கட்டியவர்கள் நீங்கிய பின்னும் அங்கே பாங்கோசை நிற்கவில்லை. பொருள் தேடப் போன இடத்திலும் தொழுகைக்கு ஓர் இடம் தேடிய முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம் என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.

இனித் திருமறை காட்டும் எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். தந்தையின் அரவணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, எகிப்தில் விற்கப்பட்ட இளைஞர் யூசுபு (அலை). ஊர் புதிது, மொழி புதிது, தவறினால் கண்டிக்கத் தந்தையும் அருகில் இல்லை. கதவுகள் அடைக்கப்பட்ட அறையில் சோதனை வந்தபோது, யாரும் பாரார் என்று அவர் எண்ணவில்லை. இறைவனிடமே பாதுகாவல் தேடினார். அதன் விலையாகச் சிறையும் புகுந்தார். பின்னர் அதே நாட்டின் களஞ்சியப் பொறுப்பை அவர் கேட்டுப் பெற்றது தம் நேர்மையையும் அறிவையும் முன்வைத்தேயாகும். ஒழுக்கம் தனியே, திறமை தனியே என்று பிரித்துப் பார்ப்போர்க்கு இந்த வரலாறே மறுமொழி.

‘கஹ்பு’ அத்தியாயம் இரு பாடங்களை அருகருகே வைக்கிறது. இறைநம்பிக்கையைக் காக்கும் பொருட்டுக் குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்கள் தனித்தனியே ஓடவில்லை. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஒரு கூட்டமாக நின்றனர். மூஸா (அலை) அவர்களோ, பெரும் நபியாய் இருந்தும், தாம் அறியாத ஒன்றை அறிந்த அடியார் ஒருவரைத் தேடி நெடும்பயணம் மேற்கொண்டு, மாணவராய்ப் பணிந்து நின்றனர். நல்ல தோழமையும் பணிவும் அயல்நாட்டு மாணவன் தன் பெட்டியில் முதலில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள்கள் அல்லவா?

ஆயினும், நம் பிள்ளைகளின் நிலைக்கு மிக நெருங்கிய வரலாறு அபிசீனிய ஹிஜ்ரத்தேயாகும். கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் செங்கடல் கடந்து கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நாட்டை அடைந்தனர். அங்குள்ள அரசர் ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னரே எடுத்துரைத்திருந்தார்கள். இது முதற்பாடம். செல்லும் நாட்டின் தன்மையை அறிந்தே செல்ல வேண்டும்.

இன்றைய எடுத்துக்காட்டொன்று கூறுவோம். 2004 மார்ச் 15இல் பிரான்சு இயற்றிய சட்டம், சமயத்தைத் தெளிவாகக் காட்டும் அடையாளங்களை அரசுப் பள்ளி மாணவர்கள் அணிவதைத் தடுத்தது. பல்கலைக்கழக மாணவியரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. இவ்வேறுபாட்டை அறியாமையால், மேற்படிப்புக்கு இடம் கிடைத்த மகளைத் தடுத்து நிறுத்தும் பெற்றோரும் இருக்கலாம். பள்ளி வயதுச் சிறுமியை ஒரு முன்னேற்பாடுமின்றி அழைத்துச் செல்வோரும் இருக்கலாம். இருவருமே விசாரித்து அறியும் கடமையில் தவறியவர்களே.

குறைஷியரின் தூதர் இருவர் பரிசுப் பொருள்களுடன் வந்து, அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பி அனுப்புமாறு நஜ்ஜாஷியிடம் வேண்டினர். அவைக்கு அழைக்கப்பட்ட முஸ்லிம்களின் சார்பில் இளைஞர் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) பேசினார். அறியாமைக் காலத்தில் தாம் வாழ்ந்த இழிநிலையையும், வாய்மை, அடைக்கலப் பொருளைக் காத்தல், உறவைப் பேணல் ஆகியவற்றை நபிகளார் கற்பித்ததையும் எடுத்துச் சொன்னார். பின்னர் ‘மர்யம்’ அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். மன்னர் கண்ணீர் வடித்தார். மறுநாள், ஈஸா (அலை) அவர்களைப் பற்றி வினவப்பட்டபோது, உண்மையைச் சொன்னால் அடைக்கலம் போய்விடுமோ என்ற அச்சம் எழத்தான் செய்தது. எனினும், விளைவு எதுவாயினும் இறைவன் அறிவித்ததையே கூறுவதென்று முடிவு செய்து, அவ்வாறே கூறினர். வசை இல்லை, மழுப்பலும் இல்லை. விருந்தினனுக்குரிய பண்பும் முஸ்லிமுக்குரிய உறுதியும் ஒரே பேச்சில் இணைந்திருந்தன.

அங்கே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஜஃபரின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அந்நிய மண்ணிலேயே மக்களைப் பெற்றெடுத்து, தீனிலேயே வளர்த்தார். ஹிஜ்ரி 7இல் மதீனா திரும்பியபோது, ஹிஜ்ரத்தில் தாங்களே முந்தியவர்கள் என்று உமர் (ரலி) கூற, அயலாரிடையே தாங்கள் பட்ட இன்னல்களை அவ்வம்மையார் எடுத்துரைத்து நபிகளாரிடமே முறையிட்டார். மதீனாவில் இருந்தோர்க்கு ஒரு ஹிஜ்ரத்தின் நன்மை எனில், கப்பலில் வந்தவர்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்தின் நன்மை உண்டென அண்ணலார் தீர்ப்பளித்தார்கள். தொலைவில் வாழ்வோர் மார்க்கத்தில் குறைந்தவர்கள் என்று ஊரில் இருந்தபடியே முடிவு கட்டுவோர் இச்செய்தியைச் சிந்திப்பாராக.

கல்வி தேடுவோன் நடக்கும் பாதையைச் சுவனத்தின் பாதையாக இறைவன் எளிதாக்குகிறான் என்பது உறுதியான நபிமொழியின் கருத்து. சீனம் சென்றாயினும் கல்வி தேடுமாறு கூறும் செய்தி நம் மேடைகளில் மிகுதியாக முழங்குகிறது. அதன் அறிவிப்பு வலுவற்றது என்பது ஹதீஸ் கலை வல்லுநரின் கருத்து. வலுவான சான்று இருக்க, வலுவற்றதை நாடுவானேன்? ஒரேயொரு நபிமொழியை நேரிற் கேட்க ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார் ஜாபிர் (ரலி). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) காஸாவில் பிறந்து, தந்தையை இழந்து, எளிய தாயின் வளர்ப்பில் மக்காவில் பயின்று, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் கற்று, ஈராக்கிலும் வாழ்ந்து, கி.பி. 820இல் எகிப்தில் மறைந்தார். அவரது மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை மக்கள் பயணத்தை அஞ்சுவது பொருந்துமா?

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 1908இல் ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பாரிசின் சோர்போனிலும் டாக்டர் பட்டங்கள் பெற்றார். அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் பின் முனப்பிஹ் தொகுத்த ஆதி ஹதீஸ் ஏட்டின் படிகளைப் பெர்லினிலும் திமிஷ்கிலும் கண்டு, பதிப்பித்து, 1953இல் வெளியிட்டார். ஹதீஸ்கள் நெடுங்காலம் எழுதப்படவேயில்லை என்ற வாதத்துக்கு அது தக்க மறுப்பாயிற்று. 1948க்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாரிசில் எளிய வாழ்வு வாழ்ந்து, 1959இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வழங்கி, 2002இல் அமெரிக்காவில் மறைந்தார். மேனாட்டு நூலகம் அவரிடமிருந்து ஈமானைப் பறிக்கவில்லை; அந்நூலகத்திலிருந்தே அவர் தீனுக்குப் பணி செய்தார்.

நடைமுறைக்குரிய சில செய்திகளும் சொல்ல வேண்டும். காரைக்காலில் மஃரிபு நேரம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. பாரிசிலோ ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். டிசம்பரில் ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். அப்போது லுஹரும் அஸரும் வகுப்பு நேரத்திலேயே வரும். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகையைத் திருமறை அளித்திருப்பது உண்மையே. ஆனால் போய்வரும் நாள் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபிலும், பதினைந்து நாள் தங்க எண்ணினால் ஹனஃபி மத்ஹபிலும் அவன் பயணி அல்லன். மூன்றாண்டு படிக்கப் போகிறவன் இதை ஊரிலேயே ஆலிமிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

ஊரிலுள்ள நமக்கும் கடமை உண்டு. ஜகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் வசதி இருப்பினும், அயலூரில் கையற்று நிற்பவன் அவ்வகையில் அடங்குவான். வட்டிக் கடனுக்கு அஞ்சிப் படிப்பைக் கைவிடும் ஏழை மாணவனுக்கும் நம் ஜமாஅத்துகள் வழிகாண வேண்டாமா? திருமண விருந்துகளில் கரையும் பணத்தில் ஒரு பகுதி போதுமே!

மேலும், எல்லோரும் ஒருங்கே போருக்குப் புறப்படாமல், ஒரு பிரிவினர் மார்க்க அறிவு பெற்றுத் தம் மக்களுக்கு எச்சரிக்கை செய்ய வேண்டும் என்று ‘தவ்பா’ அத்தியாயம் பணிக்கிறது. கற்றதைச் சமுதாயத்துக்குத் தருவதே கல்வியின் நிறைவு என்பது அதில் நாம் காணும் பாடம். பிள்ளை எவ்வளவு அனுப்புகிறான் என்று மட்டும் கேட்கும் வீடு, எதைக் கற்றான் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

இறுதியாக ஒன்று. நஜ்ஜாஷி மறைந்த செய்தி எட்டியபோது, மதீனாவில் நபிகளார் அவருக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அந்நியரை நீதியோடு ஏற்ற மன்னருக்குக் கிடைத்த சிறப்பு அது. திருவேட்டக்குடியில் வந்திறங்கும் அயல்மாநில மாணவன், எச்சமயத்தவனாயினும், நம் விருந்தினன். அவனுக்கு நாம் காட்டும் பரிவையே கடலுக்கு அப்பால் நம் பிள்ளைக்கு வேண்டி நிற்கிறோம். கல்வியையும் ஈமானையும் ஒருசேரக் காக்கும் பேற்றை நம் இளைஞர்க்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.