உக்காவின் நெருப்பும் பேரையூர்க் கரியும்

திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி வழியாகப் பேரையூருக்குச் செல்வோர், மேற்கே சாப்டூர் மலைகளையும், அவற்றுக்கு முன்னால் கண்மாய்களிலும் தரிசுகளிலும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலங்காட்டையும் காண்பர். மழை பொய்த்த ஆண்டுகளிலும் இக்கரிசல் பூமியில் பொய்க்காத விளைச்சல் அது ஒன்றே. அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கும் தொழில் இங்கிருந்து விருதுநகர், இராமநாதபுரம் சீமை வரை பரவியிருக்கிறது. அந்தக் கரியைப் பற்றி எழுதப் புகுந்த நாங்கள் உக்காவில் வந்து நின்றதற்குக் காரணம் உண்டு. அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அரைகுறையாகப் பற்றிய கரியும் ஒருவாறு போதும். உக்காவுக்குப் போதாது. அங்கே நெருப்பின் ஆவி நேரே மனிதனின் நெஞ்சுக்குள் போகிறது.

உக்காவைக் கண்டுபிடித்தவர் அக்பரின் அவை மருத்துவர் ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்றும், புகையைத் தண்ணீருக்குள் செலுத்தினால் அதன் தீமை கழிந்துவிடும் என்று அவர் கருதினார் என்றும் பலரும் எழுதிவருகின்றனர். இக்கதையை எங்களால் ஏற்க இயலவில்லை. அபுல் ஃபத் 1589-இல் இறந்துபோனார். அசத் பேக் என்னும் தூதர் பீஜப்பூரிலிருந்து புகையிலை கொணர்ந்து அக்பருக்குக் காட்டியதோ 1604-ஐ ஒட்டி. கதை பொய்த்தாலும், தண்ணீர் புகையைத் தூய்மையாக்கும் என்ற அதன் உட்கருத்து மட்டும் நானூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது. ஜஹாங்கீர் 1617-இல் புகையிலையைத் தடை செய்தும் உக்கா ஒழியவில்லை.

உக்காவைப் பற்றிய வருணனைகளில் வெள்ளிக் குடுவையும், பாம்புபோல் நெளியும் குழாயும், பன்னீர் கலந்த நீரும் இடம்பெறும். கரி இடம்பெறுவதில்லை. கரியைப் பார்த்துக்கொண்டவன் ஒரு வேலைக்காரன் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். உக்காபர்தார் என்று அவனுக்குப் பெயர். கும்பெனிக் காலத்துக் கல்கத்தாவில் துரைமார் வீடுகளில் இதற்கென்றே தனியாள் சம்பளத்துக்கு இருந்தான். கரித்தூளைச் சோற்றுக் கஞ்சியிலோ வெல்லப்பாகிலோ பிசைந்து, உருண்டையாகவோ வில்லையாகவோ தட்டி, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வான். உருண்டை ‘குல்’, வில்லை ‘டிக்கியா’. வேண்டும்போது அவற்றை வெளியே வைத்துக் கனிய வைத்து, கறுப்பு முற்றும் மறைந்த பிறகே சிலும்பியில் ஏற்றுவான். பாதி கறுத்த கரியை ஏற்றினால் எசமானுக்குத் தலை சுற்றும், வாய் கசக்கும். வசவு இவனுக்கு.

நம் பக்கத்தில் உக்கா வேர்பிடிக்கவில்லை. அது நவாபுகளோடும் துரைமாரோடும் வந்த ஆடம்பரம். மதுரைச் சீமைக் குடியானவன் சுருட்டுக்காரன். அடுப்புக் கொள்ளியே அவனுக்குப் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் துரைமாரும் உக்காவைக் கைவிட்டு அவன் வழிக்கே வந்தனர். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என வழங்கும் சொல் நம் சுருட்டுதான் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் கரியைக் கனியவைக்கும் அறிவு நம்மவர்க்குப் புதிதன்று. ஒரு கரி ஏன் புகைகிறது என்பதை அறிய மூட்டத்தருகே நிற்க வேண்டும். வெட்டிய கட்டைகளைப் பருமன் பார்த்து நெருக்கமாக அடுக்கி, மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, மண்ணால் மூடி, ஒரு வாய் வழியே தீ வைக்கிறார்கள். முதலில் வெள்ளைப் புகை திரண்டு வரும். அதில் பெரும்பங்கு மரத்தின் ஈரம். பிறகு புகை மஞ்சளாகி நாற்றமெடுக்கும். அது தாரும் காடியும் கழியும் வேளை. கடைசியில் நீலம் பாய்ந்து மெலியும். அப்போது துளைகளையெல்லாம் அடைத்துவிட வேண்டும். தாமதித்தால் கரி சாம்பலாகும். முந்தினால் வேகாத கட்டை நிற்கும். நாள் கணக்கில் இரவும் பகலும் காவலிருந்து, மூட்டம் எங்கே உள்வாங்குகிறதோ அங்கே மண் போட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நூறு கிலோ விறகுக்கு இருபது கிலோ கரி கிடைத்தால் நல்ல மூட்டம்.

சீமைக்கருவேலத்தைக் காமராசர் காலத்து வரவென்றே பலர் நம்புகின்றனர். அதன் விதை ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது 1877-இல். வனத்துறை அதிகாரி பெட்டோம் முந்தைய ஆண்டே அதற்கு எழுதிக் கேட்டிருந்தார். வறண்ட நிலத்துக்கு விறகு தேடி அழைத்துவந்த மரம், இன்று நிலத்தையே பிடித்துக்கொண்டது என்ற வழக்கு தனிக்கதை.

மூட்டத்தில் வேகாமல் போன தாரும் ஈரமும் பற்றவைக்கும்போதுதான் வெளிவருகின்றன. ஆகவே உக்காக் கரியை முதலில் திறந்த வெளியில், தணலிலோ மின்சுருள் அடுப்பிலோ வைத்து, இடுக்கியால் புரட்டிப் புரட்டி, எல்லாப் பக்கமும் சிவந்து சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் செய்த கட்டிக்குப் பத்து நிமிடமாவது ஆகும். உடனே பற்றும் வில்லைகளில் வெடியுப்பு கலந்திருக்கிறது. பொறி பறந்து அடங்கி, அந்த நெடி போகும்வரை அவற்றை ஏற்றலாகாது. மண்ணெண்ணெய் ஊற்றுவது அறவே கூடாது.

உக்காபர்தாரின் அறிவு இவ்விடத்தில் முடிந்துவிடுகிறது. புகை நின்றால் கரி தூய்மையாயிற்று என்றே அவனும் எசமானும் நம்பினர். செக்கச்சிவந்த, புகையே இல்லாத கனலிலிருந்தும் நிறமும் மணமும் அற்ற வாயு ஒன்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு எனும் அதன் இயல்பை 1800-ஐ ஒட்டி வேதியியலார் அறிந்தனர். குருதியில் ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் அது கரைவது மிகச் சொற்பம். ஆகவே குடுவைநீர் அதனைத் தடுப்பதில்லை. எசமானின் தலைச்சுற்றலுக்கு வேலைக்காரனைத் திட்டியது பல வேளைகளில் அநியாயம்தான். எங்கள் மலைக்கு அப்பால் கொடைக்கானலில், 2024-இல், குளிருக்கு மூடிய அறையில் கரியடுப்போடு உறங்கிய இளைஞர் இருவர் விடியலில் எழவில்லை. அங்கே உக்கா இல்லை, கரி மட்டும்தான்.

தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி உக்காக் கூடங்களைத் தடை செய்தது. உலகச் சந்தையிலோ உக்காக் கரிக்கு இன்னும் பெரிய கிராக்கி. சிரட்டைக் கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து கட்டியாக்கும் முறை பழைய டிக்கியாவின் வழித்தோன்றலே. இக்கரி கப்பலிலும் தொல்லை தந்தது. சூடு ஆறாமல் அடைத்த பெட்டிகள் நடுக்கடலில் தாமாகப் பற்றிக்கொண்டன. அதனால் 2026 சனவரி முதல் கப்பலேறும் கரியை ஆபத்தான சரக்கென அறிவிப்பது கட்டாயமாகியிருக்கிறது. அடைக்கும் முன் பதினான்கு நாள் காற்றாட வைக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. மூட்டம் பிரித்த கரியை உடனே சாக்கில் அள்ளாமல், நீர் தெளித்துப் பரப்பி, ஓரிரவு கங்கு பார்த்த பிறகே கட்டுவது கரிக்காட்டுக்காரர்களின் பழைய வழக்கம்.