காயப் புனைவு

காயப் புனைவு என்பது மருத்துவர், செவிலியர், அவசர ஊர்தி உதவியாளர், மீட்புப் படையினர் ஆகியோரின் பயிற்சிக்காக, நலமான ஒருவரின் உடலிலோ பயிற்சிப் பொம்மையிலோ காயம், தீப்புண், எலும்பு முறிவு முதலியவற்றை உண்மை போலத் தோன்றுமாறு உருவாக்கும் கலையாகும். வார்ப்பெடுத்தல் எனப் பொருள்படும் மூலாஜ் என்னும் பிரெஞ்சுச் சொல்லாலும் இது அறியப்படுகின்றது. திரைப்பட ஒப்பனையும் இதுவும் ஒரே பொருள்களைக் கொண்டு செய்யப்படினும் நோக்கத்தால் வேறுபட்டவை. திரைப்படக் காயம் பார்ப்பவரை அதிர வைத்தால் போதும். பயிற்சிக் காயமோ, பயில்பவர் சரியான முடிவெடுக்கத் தேவையான அறிகுறியைக் காட்ட வேண்டும்.

வரலாறு

மெய்யுடலுக்குப் பதிலாகப் போலியைக் கொண்டு பயிலும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழமையானது. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானப் பகுதியில் 9ஆம் அத்தியாயம் இதற்கென்றே அமைந்துள்ளது. பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் அறுத்துப் பழகுதல், நீரோ சேறோ நிரப்பிய தோற்பையில் கீறிப் பழகுதல், மயிருள்ள தோலில் சுரண்டுதல், இறந்த விலங்கின் நாளத்திலும் தாமரைத் தண்டிலும் குத்துதல், பூச்சி அரித்த மரத்தில் சலாகை விட்டுத் துழாவுதல், துணியிலும் மெல்லிய தோலிலும் தையலிடுதல் என ஒவ்வொரு செயலுக்கும் உரிய பொருள் அதில் கூறப்பட்டுள்ளது. கட்டுப் போடும் பயிற்சிக்கு முழு மனித உருவப் பொம்மையே பரிந்துரைக்கப்படுகின்றது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் தோல் நோய்களைக் கற்பிக்க மெழுகு வார்ப்புகள் பயன்பட்டன. நோயாளியின் உடலிலிருந்து சாந்து அச்செடுத்து, அதில் மெழுகு ஊற்றி, நோயாளியைப் பார்த்தே நிறம் தீட்டினர். இலண்டன் கை மருத்துவமனையின் சோசப் டவுனும் பாரிசு செயின்ட் லூயி மருத்துவமனையின் சூல் பாரெத்தாவும் இதில் பெயர் பெற்றவர்கள். பாரிசு மருத்துவமனையின் அருங்காட்சியகத்தில் 4,800-க்கும் மேற்பட்ட வார்ப்புகள் உள்ளன. பாரெத்தா மருத்துவர் அல்லர். காகிதக்கூழில் பழ உருவங்கள் செய்து வந்தவர். காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மை செய்வோரின் கைத்தொழிலும் அச்சு, காகிதக்கூழ், வண்ணம் ஆகியவற்றையே அடிப்படையாகக் கொண்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உயிருள்ள மனிதர் மீது காயம் புனையும் முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்தது. வான்தாக்குதல் மீட்புப் பயிற்சிக்காகக் காயமுற்றோராக நடிக்கும் தன்னார்வலர்களின் காசுவல்ட்டீசு யூனியன் என்னும் அமைப்பு 1942இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. ஒப்பனையுடன் நடிப்பும் சேர்ந்தாலே பயிற்சி நிறைவுறும் என்பது இவ்வமைப்பின் கொள்கை. நோர்வேயில் விளையாட்டுப் பொம்மைகள் செய்து வந்த லேர்டல் நிறுவனம் 1960இல் ரெசசி ஆன் என்னும் மூச்சு மீட்புப் பயிற்சிப் பொம்மையை வெளியிட்டது. இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடங்களுக்கு இடமளித்தது.

பொருள்களும் செய்முறையும்

செயற்கைக் குருதிக்குச் சர்க்கரைப் பாகு, சோள மாவு, சிவப்பு உணவு நிறமி ஆகியவை போதுமானவை. சிறிது கொக்கோத் தூளோ ஒரு துளி நீல நிறமியோ சேர்த்தால் நிறம் இயல்பாக அமையும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் சிவப்பாக இருப்பினும் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்குமாதலால் தவிர்க்கப்பட வேண்டும்.

வெட்டுக்காயத்திற்கு ஒப்பனை மெழுகைத் தோலில் ஒட்டி, ஓரங்களைத் தேய்த்து மறைத்து, நடுவில் மழுங்கிய கத்தியால் பிளந்து உட்புறம் கருஞ்சிவப்பு நிறமிடுவர். தீப்புண் கொப்புளத்திற்கு வாசலின் மீது மெல்லிய தாளை ஒட்டினால் போதும். ஆழமான தீப்புண் வெண்மையாகவோ கருகியோ தோல் பதனிட்டது போல இருக்கும்; அவ்விடத்தில் வலியும் குறைவு. நடிப்பவர் அவ்விடத்தைத் தொட்டவுடன் அலறினால் பாடம் தவறாகிவிடும்.

மீண்டும் பயன்படுத்தக்கூடிய காயங்கள் செலட்டினிலோ சிலிக்கோனிலோ வார்க்கப்படுகின்றன. செலட்டின், கிளிசரின், நீர் ஆகியவற்றைக் கலந்து மெல்லச் சூடாக்கி அச்சில் ஊற்றுவது மலிவான முறை. எனினும் செலட்டின் உடற்சூட்டை ஒட்டிய வெப்பநிலையிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நடக்கும் ஒத்திகையில் வியர்வையும் சேர்ந்து காயத்தை வழுக்கி விழச் செய்யும். அத்தகைய இடங்களில் சிலிக்கோனே ஏற்றது.

தோல் நிறம்

விற்பனைக்குக் கிடைக்கும் வெளிநாட்டுக் காய அச்சுகள் பலவும் வெளிர் தோலுக்காக நிறமிடப்பட்டவை. மாநிறக் கையில் இளஞ்சிவப்பு ஓரங்கொண்ட காயத்தை ஒட்டுவதால் வரும் கேடு அழகுக் குறைவு மட்டுமன்று. பாடநூல்கள் சிவந்திருத்தல் என்று கூறும் அறிகுறி, கரிய தோலில் ஊதா கலந்த பழுப்பாகவோ சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கறுத்தோ காணப்படும். சில வேளைகளில் தொட்டுச் சூட்டை உணர்ந்தே அறிய இயலும். குருதி இழப்பால் வெளிறிய தோல் சாம்பல் பூத்தது போலிருக்கும். உயிர்வளிக் குறைவால் ஏற்படும் நீலத்தை உதட்டின் உட்புறம், நாக்கு, கீழிமையின் உட்பகுதி, நகக்கண் ஆகிய இடங்களிலேயே தேட வேண்டும். வெள்ளைப் பொம்மையின் கன்னத்தில் நீலத்தைக் கண்டு பழகிய கண், தமிழ்நாட்டு நோயாளியிடம் அதைத் தவறவிடக்கூடும். எனவே நிறமிகளை நடிப்பவரின் தோலுக்கேற்பக் கலந்துகொள்வது முதன்மையான வேலையாகும்.

பேரிடர் ஒத்திகையும் காஞ்சிபுரமும்

எந்தக் காயத்தைப் புனைவது என்பது அவ்வூரில் எத்தகைய விபத்து நேரக்கூடும் என்பதைப் பொறுத்தது. காஞ்சிபுரம் பெருங்கூட்டம் கூடும் கோயில் நகரமாகும். வரதராசப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் வைபவம் 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நடைபெற்றது. சூலை 18 அன்று கடும் கூட்டத்திற்கிடையே நால்வர் உயிரிழந்தனர்.

நெரிசலில் சிக்கியவர் உடலில் பெரும்பாலும் குருதி இராது. மார்பு அழுத்தப்பட்டு மூச்சுவிட இயலாமையே உயிரைப் பறிக்கின்றது. முகமும் கழுத்தும் வீங்கிக் கறுத்தல், கண்ணின் வெண்படலத்தில் குருதிக் கசிவு, முகத்திலும் மேல்மார்பிலும் ஊசிமுனையளவு புள்ளிகள் ஆகியவையே அறிகுறிகள். ஒப்பனைத் தூரிகையின் நுனியால் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இடுவது சில நிமிட வேலைதான். ஆனால் நெற்றியில் குருதி வழியவிடுவது பார்வைக்கு எடுப்பாக இருப்பதால், ஒத்திகை நடத்துவோர் பலர் அதையே நாடுகின்றனர்.

இதன் விளைவு முன்னுரிமைப் பகுப்பில் தெரியும். 1983இல் கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்ட ஸ்டார்ட் முறையில் எழுந்து நடக்கக்கூடியவருக்குப் பச்சை அட்டை, நிமிடத்திற்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குபவருக்கும், மணிக்கட்டில் நாடி கிட்டாதவருக்கும், எளிய சொல்லுக்கு இணங்காதவருக்கும் சிவப்பு அட்டை, மூச்சுப் பாதையைத் திறந்த பின்னும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு, ஏனையோருக்கு மஞ்சள். தலையில் குருதி சொட்ட அலறிக்கொண்டே நடந்து வருபவர் பச்சை. குருதியே இன்றி மதிலோரம் பேச்சற்றுச் சாய்ந்து மூச்சிரைப்பவர் சிவப்பு. நல்ல ஒத்திகையில் இவ்விருவரும் அருகருகே வைக்கப்படுவர். வண்ணத்தால் காட்ட இயலாத நாடி அளவு போன்றவை, நடிப்பவரின் கழுத்தில் தொங்கும் சீட்டில் எழுதப்படும்.

காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் 2023 மார்ச்சு 22 அன்று நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்து, இப்பகுதிக்குத் தீப்புண் பயிற்சியும் தேவை என்பதைக் காட்டியது. இதில் மூக்கு மயிர் கருகுதல், வாயோரக் கரி, கரகரத்த குரல் ஆகியவற்றைப் புனைவது, பரந்த கொப்புளங்களைப் புனைவதைவிட முக்கியமானது. மூச்சுப்பாதை வெந்திருப்பதன் அடையாளங்கள் அவை.

பாதுகாப்பு

லேடெக்சு, ஒட்டுப்பசை ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருவதால் முன்னதாக முன்கையில் தடவிப் பார்க்க வேண்டும். பாரிசுச் சாந்து இறுகும்போது வெப்பம் வெளியிடுமாதலால், கை கால்களை அதில் அமிழ்த்தி அச்செடுத்தல் கடும் தீப்புண்ணை உண்டாக்கும். பல் மருத்துவர் பயன்படுத்தும் ஆல்சினேட்டே இதற்குரியது. உடையாத ஒளிபுகு நெகிழித் துண்டுகளே கண்ணாடிச் சில்லாகப் பயன்பட வேண்டும். பயிற்சிப் பொம்மைகளின் தோலில் சிவப்பு நிறமி நிலையாகக் கறைபடியும் என்பதால் முதலில் வாசலின் பூசுவர்.

பொதுவிடத்தில் ஒத்திகை நடத்துகையில் அக்கம்பக்கத்தார்க்கும் காவல் நிலையத்திற்கும் முன்னறிவிப்புத் தேவை. நடிப்பவர் உண்மையாகவே மயங்கிவிட்டால் அதை அறிவிக்க ஒரு சொல் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, அனைவருக்கும் தெரிவிக்கப்படும். அச்சொல் ஒலித்தவுடன் ஒத்திகை நிறுத்தப்படும்.