சூற்குழல் எண்ணிக்கையும் குளிர்கால முட்டையும்: பல்பியானியின் வாசிப்பு குறித்து

பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை 1860களிலிருந்து அழித்த ஃபில்லாக்சிரா என்ற வேர்ப்பூச்சியின் வரலாற்றில் எட்வார்ட் ஜெரார் பல்பியானிக்குக் கிடைத்திருப்பது சிறிய இடம். 1875இல் கொடியின் பட்டையில் குளிர்கால முட்டையைக் கண்டறிந்தவர், அதை அழித்தால் பூச்சியே ஒழியும் என்று நம்பித் தோற்றவர் என்ற அளவோடு அவரைக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய கண் தவறவில்லை என்பதே என் வாதம். சூலகத்தில் அவர் எண்ணியது பெரும்பாலும் சரி. அந்த எண்ணுக்கு அவர் கொடுத்த பொருள்தான் பிழை. அப்பொருளும் அவர் புதிதாகக் கண்டதன்று, ஃபில்லாக்சிராவின் உறவினமான அசுவினியின் ஆய்வில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

ஆண் சேராமலே அசுவினி குட்டி ஈனுவதை 1740இல் ஜெனீவாவின் ஷார்ல் போனே நிறுவியது தெரிந்ததே. அதற்கான உடற்கூற்றுச் சான்று ஒரு நூற்றாண்டு கழித்தே வந்தது. 1839இல் ஜெர்மன் விலங்கியலாளர் ஃபான் சீபோல்ட் முட்டையிடும் அசுவினியையும் குட்டி ஈனும் அசுவினியையும் அறுத்து ஒப்பிட்டார். முன்னதில் விந்துப்பை இருந்தது, பின்னதில் இல்லை. விந்தைச் சேமிக்க உறுப்பே இல்லாத உடலில், பழைய சேர்க்கையின் விளைவு பல தலைமுறைக்குத் தங்கியிருக்கும் என்ற எண்ணம் அன்றே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. பத்தாண்டு கழித்து, 1849இல், ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதே எண்ணத்தை வேறு உடையில் கொண்டுவந்தார்: முதல் கருவுறுதலின் ஆற்றல் உடலில் எஞ்சிய கருவணுக்கள் வழியே கடத்தப்பட்டு, தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துவருகிறது என்றார். உயிரியலாளர் ஹக்ஸ்லி 1858இல் இதை மறுத்தார். ஆனால் தேய்மானம் என்ற கருத்து சாகவில்லை.

பல்பியானியிடம் அது எப்படி வந்து சேர்ந்தது? 1866இல் அவர் அசுவினியை இருபாலி என்றார். உடலுக்குள் இருக்கும் நிறமுள்ள உயிரணுத் திரளை ஆண் உறுப்பாக வாசித்தார். (அது கூட்டுவாழ் பாக்டீரியாக்களின் உறைவிடம் என்பது 1910இல்தான் தெளிந்தது.) ஆணின் பங்களிப்பு எங்கோ இருந்தே தீர வேண்டும் என்ற உறுதி அந்த வாசிப்பில் தெரிகிறது. ஃபில்லாக்சிராவிலும் அதே உறுதிதான் அவரை நடத்தியது என்பது என் ஊகம்; கருத்தொப்புமையைத் தவிர அதற்கு வேறு சான்று காட்ட என்னால் இயலாது. குளிர்கால முட்டையிலிருந்து வரும் தொடக்கத்தாய்க்குச் சூற்குழல்கள், அதாவது சூலகத்தில் முட்டை உருவாகும் குழல்கள், மிகுதி. அடுத்தடுத்த கன்னித் தலைமுறைகளில் அவை குறைகின்றன. வாயுறுப்பே இல்லாத பாலினப் பெண்ணிடம் எஞ்சுவது ஒரே குழல், அதில் ஒரே முட்டை; அதுவே குளிர்கால முட்டை. இந்த இறங்குவரிசையைப் பல்பியானி கரைந்துவரும் கையிருப்பாகக் கண்டார். குளிர்கால முட்டை அதை நிரப்பாவிட்டால் இனம் மலடாகிவிடும் என்பது அவர் முடிவு. நிலக்கரித் தார் எண்ணெய், நாப்தலீன், சுண்ணாம்பு கலந்த அவருடைய குழம்பைக் கொடித்தண்டுகளில் பூசச் சொன்னதன் அடிப்படை இந்த முடிவே.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைகிறதே, அப்படியானால் அவர் சொன்னதில் என்ன பிழை என்று கேட்கலாம். குறைவது உண்மை, பல அசுவினி இனங்களிலும் தொடக்கத்தாய்க்கே குழல்கள் அதிகம். ஆனால் குழல்களின் எண்ணிக்கை தாயின் உடலுக்குள் கருவாக இருக்கும்போதே முடிவாகிறது. தாய்க்குக் கிடைத்த உணவும் அவள் வாழ்ந்த நெரிசலும் அதை மாற்றுகின்றன. சூழலுக்கேற்ப ஏறவும் இறங்கவும் கூடிய ஒன்றைச் சேமிப்பு என்று கொள்ள முடியாது. 1815லேயே கைபர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் சூடேற்றிய அறையில் நான்காண்டுகள் பாலினத் தலைமுறையே இல்லாமல் அசுவினியை வளர்த்திருந்தார். அது அசுவினிக்குத்தான் பொருந்தும், ஃபில்லாக்சிராவுக்கு அன்று என்று பல்பியானி தரப்பில் மறுக்கலாம்; அன்றைய நிலையில் அந்த மறுப்புக்கு வலுவும் இருந்தது. இன்று இல்லை. ஆஸ்திரேலியாவில் 1877இல் ஜீலாங்கில் தென்பட்ட இப்பூச்சி, அந்நாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் கன்னி வழியிலேயே நிலைத்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதைவிட நெருக்கமான சான்று பிரான்சின் கொடியிலேயே இருந்தது. குளிர்கால முட்டையிலிருந்து வெளிவரும் தொடக்கத்தாய் இலையில் கரணை என்ற புடைப்பை உண்டாக்கித்தான் வாழ்கிறது. அமெரிக்கக் கொடிகளின் இலையில் அது எளிது. ஐரோப்பியக் கொடியின் இலையில் கரணைகள் அரிது. பல்பியானி உயிரூற்று என்று எண்ணிய முட்டை, அவர் காக்க முயன்ற கொடியில் பெரும்பாலும் முட்டுச்சந்தாகவே இருந்தது. தண்டில் குழம்பு பூசப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் வேரில் கன்னித் தலைமுறைகள் தொடர்ந்தன.