பல் விரிசல்: அறிகுறிகள், பரிசோதனை, சிகிச்சை

பல் விரிசல் என்பது பல்லின் கடினமான மேற்பகுதியில் தோன்றி, உள்நோக்கியும் வேரை நோக்கியும் பரவக்கூடிய பிளவாகும். பல் உடைந்து விழுவது வேறு, விரிசல் விடுவது வேறு. உடைந்த பல்லைக் கண்ணாடியில் பார்த்தே அறியலாம். விரிசல் விட்ட பல்லோ பெரும்பாலும் முழுமையாகவே காட்சியளிக்கும். சொத்தை இராது, வீக்கம் இராது, எக்ஸ்ரே படத்திலும் குறை தெரியாமற் போகலாம். ஆயினும் உணவை மெல்லும்போது சுருக்கென்று வலிக்கும். "பல்லில் ஒன்றுமில்லை" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு பல மாதங்கள் மறுபக்கத்திலேயே மென்று காலங்கழிப்போர் பலர். இந்நோயைக் கண்டறிவதில் கருவிகளைக் காட்டிலும் நோயாளி கூறும் விவரமே முதன்மையான சான்றாகும். ஆகவே, வலியைக் கவனித்து விவரிக்கும் முறையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

வலியின் தன்மை

கடினமான உணவைக் கடிக்கும்போது, குறிப்பாகக் கடித்ததை விடுவிக்கும் கணத்தில், மின்னல்போல ஒரு வலி தோன்றி மறைவதே இதன் தனித்த அறிகுறி. சொத்தைப் பல்லின் வலி இனிப்புக்கும் சூட்டுக்கும் கிளம்பி நெடுநேரம் நீடிக்கலாம். விரிசல் வலி அவ்வாறன்று. ஒரு கவளம் முழுவதையும் வலியின்றி மென்றிருப்பீர்கள். அடுத்த கவளத்தில் ஒரு பருக்கை குறிப்பிட்ட ஓர் இடத்தில் அகப்பட்டவுடன் துள்ளி எழ நேரும். குளிர்ந்த நீரும் காற்றும் பட்டால் கூசுவது இரண்டாவது அறிகுறி.

விடுவிக்கும்போது ஏன் வலிக்கிறது? கடிக்கும் அழுத்தத்தில் விரிசலின் இரு பக்கங்களும் மயிரிழையளவு விலகுகின்றன. அழுத்தம் நீங்கியதும் சட்டென்று ஒன்றுசேருகின்றன. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைன் பகுதியில் நுண்குழாய்கள் நிறைந்துள்ளன. அவற்றிலுள்ள திரவம் இவ்வசைவினால் உந்தப்பட்டு, உள்ளிருக்கும் பற்கூழின் நரம்பைத் தூண்டுகிறது. இவ்வறிகுறிகளை ஒருங்கே விவரித்து, 'விரிசல் பல் நோய்க்குறித்தொகுதி' என்ற பொருள்படும் பெயரை 1964-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் கேமரன் வழங்கினார்.

எந்தப் பல் வலிக்கிறது என்று நோயாளியால் சொல்ல இயலாமை இந்நோயில் மிகவும் பொதுவானது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் வலி காதிலோ மேல்தாடையிலோ உணரப்படலாம். "இந்தப் பல்தான், பிடுங்கிவிடுங்கள்" என்று வற்புறுத்தி, குற்றமற்ற பல்லை இழந்தபின் வலி அப்படியே இருக்கக் காண்பது வருந்தத்தக்கது.

விரிசல் தானாக ஆறுமா?

ஆறாது. எலும்பு முறிந்தால் கூடும். அதில் உயிரணுக்கள் உள்ளன. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாயினும் அதில் உயிரணுக்கள் இல்லை. ஒருமுறை பிளந்த இடம் பிளந்ததேயாகும். ஒவ்வொரு வேளை மெல்லும்போதும் பிளவு சிறிது சிறிதாகக் கீழிறங்கும். அதன் வழியே கிருமிகள் பற்கூழை அடையும். சில வாரங்கள் வலி குறைந்திருப்பதைக் கண்டு குணமாகிவிட்டது எனக் கருத வேண்டாம். நீங்கள் அறியாமலேயே அப்பக்கம் மெல்லுவதை நிறுத்தியிருக்கலாம். அல்லது பற்கூழ் உயிரிழந்து உணர்ச்சியற்றுப் போயிருக்கலாம்.

கரிசல் வட்டாரத்தில் கவனிக்கத்தக்க காரணங்கள்

விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பகுதிகளில் உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் ஆகியவை மானாவாரியாக விளைகின்றன. அறுவடைக் காலத்தில் இவை மண் களத்திலும் தார்ச்சாலையிலும் பரப்பி அடிக்கப்படுவதால் பொடிக்கற்கள் கலக்கின்றன. முறுக்கைக் கடிக்கையில் தாடை அதன் கடினத்தை எதிர்பார்த்து அழுத்தத்தை அளந்து கொடுக்கிறது. மென்மையான சோற்றுக்குள் ஒளிந்திருக்கும் கல்லைத் தாடை எதிர்பார்ப்பதில்லை. முழு விசையும் அக்கல்லைத் தாங்கும் ஒரே பல்முனையில் இறங்குகிறது. சுளகில் புடைத்தலும் நீரில் அரித்தலும் வீட்டுப் பெரியவர்கள் கைக்கொண்ட நல்ல வழக்கங்கள். கடையில் வாங்கிய பருப்புக்கும் அவற்றைக் கைவிடாதீர்கள்.

வறுத்த புளியங்கொட்டை, பொரியாத சோளமணி, கொட்டைப்பாக்கு, சில்லுக்கருப்பட்டி ஆகியவற்றைப் பல்லால் உடைப்பதும் விரிசலுக்கு வழிவகுக்கும். பாக்கு மெல்லுவது வாய்ப்புற்றுநோய்க்கும் காரணமாவதால், அதனை முற்றிலும் விடுவதே நன்று. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். உறுதியான பற்கள் உடையவர்கள் அதனை உண்ணத் தடையில்லை. ஏற்கெனவே பெரிய அடைப்பு வைத்த பல், உறை போட்ட பல், கூசும் பல் உடையவர்கள் அதனைப் பல்லால் கடித்து உடைக்காமல் தூளாக்கி உண்பது பாதுகாப்பானது. பாகு பல்லில் ஒட்டி உறையையே இழுத்துவிடக்கூடும்.

உண்மையில் உணவு பெரும்பாலும் இறுதி அடியை மட்டுமே தருகிறது. பல் அதற்கு முன்பே வலுவிழந்திருக்கும். பழைய பெரிய அடைப்புகள், உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தல், சோடாப் புட்டியின் மூடியைப் பல்லால் திறத்தல் ஆகியவை காரணங்களாகும். முப்பது வயதைக் கடந்தவர்களிடமும் கீழ்க் கடைவாய்ப் பற்களிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

ஒரு காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போடாமல் விடுவது நம்மிடையே மிகுந்துள்ளது. வேர் சிகிச்சை முடிந்ததும் வலி நின்றுவிடுகிறது. உறைக்குத் தனியே செலவாகும் என்பதால் அடுத்த வருகை தள்ளிப்போகிறது. சொத்தையாலும் சிகிச்சையாலும் உட்புறம் குடையப்பெற்ற அப்பல், ஓராண்டிலோ இரண்டாண்டிலோ வேர்வரை பிளந்து வந்தால், அதனைப் பிடுங்குவதன்றி வேறு வழி இருப்பதில்லை. முன்பு செய்த செலவும் வீணாகிறது.

மருத்துவரிடம் செல்லுமுன்

இரண்டு மூன்று நாள்கள் உணவு உண்ணும்போது கவனித்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடிக்கும்போது வலிக்கிறதா, விடும்போதா? எந்த உணவில்? குளிர்நீர் பட்டபின் வலி சில நொடிகளில் மறைகிறதா, நிமிடக்கணக்கில் நீடிக்கிறதா? கல் கடிபட்டதோ அடிபட்டதோ நினைவில் உள்ளதா? இரவில் வலி எழுப்புகிறதா? நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் கூறுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைப் பல் சிகிச்சைக்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

முதியோரைப் பராமரிப்போர் கவனத்திற்கு: நினைவாற்றல் குன்றியவர்களும் பேச இயலாதவர்களும் வலியைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கமாகவே மெல்லுதல், உணவை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கத் தயங்குதல், வழக்கமாக உண்ட முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துக் கேட்டல், முகம் சுளித்துக் கன்னத்தைப் பிடித்தல் ஆகியவற்றை முதுமையின் இயல்பு என விட்டுவிடாதீர்கள்.

பரிசோதனை

மருத்துவர் சிறு மரக்குச்சியையோ நெகிழிக் கட்டையையோ ஒவ்வொரு பல்முனையின் மீதும் வைத்துக் கடித்து விடச் சொல்வார். குறிப்பிட்ட முனையில் விடும்போது சுருக்கென்று வலித்தால் அதுவே வலுவான சான்று. குளிர்ச்சியைத் தொடுவித்துப் பற்கூழ் உயிருடன் உள்ளதா எனக் காண்பார். பல்லின் பக்கவாட்டில் வலுவான ஒளியைச் செலுத்தினால், நல்ல பல்லில் ஒளி முழுவதும் பரவும். விரிசல் உள்ள பல்லில் ஒளி அவ்விடத்தோடு நின்று மறுபுறம் இருண்டிருக்கும். நீலச் சாயம் பூசியும் பார்ப்பதுண்டு. ஈற்றைச் சுற்றி மெல்லிய அளவுகோலால் அளக்கையில் ஓரிடத்தில் மட்டும் குறுகலாக ஆழம் தென்பட்டால், விரிசல் வேரை எட்டியிருக்கலாம் என்று பொருள். பழைய அடைப்பை எடுத்த பிறகே விரிசல் கண்ணுக்குப் புலப்படுவதும் உண்டு. அதற்கு மருத்துவர் உங்கள் இசைவைக் கேட்பார்.

எக்ஸ்ரே ஏன் காட்டுவதில்லை என்பது பலருக்கும் எழும் ஐயம். கடைவாய்ப் பல்லின் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. எக்ஸ்ரே கதிரோ கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாகச் செல்கிறது. ஒரு தாளின் விளிம்பை நேரே பார்த்தால் கோடு தெரியும். அதன் முகப்பை நோக்கினால் கோடு தெரியாது. அதுபோலவே இதுவும். ஆயினும் சொத்தை, எலும்புத் தேய்வு, வேர்நுனிச் சீழ் ஆகியவற்றை அறிய எக்ஸ்ரே தேவை. 'படத்தில் ஒன்றுமில்லை' என்பதற்கு 'பல்லில் ஒன்றுமில்லை' என்று பொருளன்று. முப்பரிமாணப் படத்திலும் நுண்ணிய விரிசல் தவறிவிடலாம்.

சிகிச்சை

விரிசலின் ஆழமே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. எனாமலில் மட்டும் காணப்படும் மெல்லிய கோடுகள் பெரியவர்கள் பலரிடமும் உள்ளன. அவற்றிற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஒரு பல்முனை மட்டும் தளர்ந்திருந்தால் அதனை நீக்கி, அடைப்போ உறையோ வைக்கலாம்.

விரிசல் பல்லின் நடுவே ஓடி, பற்கூழ் இன்னும் நலமாக இருந்தால், அதுவே காப்பாற்றுவதற்கு உகந்த காலம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்தை இரும்புப் பட்டை சுற்றி இறுக்கிப் பிடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பல்லுக்கும் அவ்வாறே முதலில் உலோக வளையமோ தற்காலிக உறையோ பொருத்தி, சில வாரங்கள் கவனித்து, வலி அடங்கினால் நிலையான உறை போடப்படும். உறை விரிசலை ஒட்டவைப்பதில்லை, விலகாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு உறையிட்ட பற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்கு ஆறு மாதங்களுக்குள் வேர் சிகிச்சை தேவைப்பட்டதாக 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. எனவே உறை போட்டபின் வலி மீண்டால் மறுபடியும் செல்லுங்கள். அது சிகிச்சையின் தவறு என்று கருத வேண்டியதில்லை.

தூண்டுதல் இன்றியே வலித்தல், சூடு பட்டால் நெடுநேரம் வலித்தல், இரவில் எழுப்பும் வலி ஆகியவை பற்கூழ் கெட்டுவிட்டதைக் காட்டும். அப்போது வேர் சிகிச்சையும், அதன்பின் தவறாமல் உறையும் வேண்டும். பல் இரு துண்டாகப் பிளந்தோ, விரிசல் எலும்பு மட்டத்திற்குக் கீழே வேரில் இறங்கியோ விட்டால் பெரும்பாலும் பல்லை எடுப்பதே வழி.

பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் முடியும், ஒருநாள் கூலியோடு போகும் என்று எண்ணுவது இயல்பே. உப்பளத்திலும் தீப்பெட்டி ஆலையிலும் வயலிலும் நாள்கூலிக்குச் செல்வோருக்கு மூன்று நான்கு முறை மருத்துவமனை வருவது எளிதன்று. எனினும் கடைவாய்ப் பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும், மெல்லும் பளு எஞ்சிய பற்கள்மீது ஏறும். வருகைகளைக் குறைத்துத் திட்டமிட இயலுமா என்று முதல் நாளிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவரைக் காணும் வரை

வலிக்கும் பக்கத்தில் மெல்லாதீர்கள். மென்மையான, மிதமான சூடுள்ள உணவை உண்ணுங்கள். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரையை உறையில் குறிப்பிட்ட அளவிலும் இடைவெளியிலும் உட்கொள்ளலாம். கல்லீரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். புகையிலையையோ மாத்திரைத் தூளையோ பல்லிலும் ஈற்றிலும் வைத்து அமுக்குவதால் ஈறு வெந்து புண்ணாகும். கிராம்பு எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்யுமேயன்றி விரிசலை மாற்றாது. கிருமிக்கொல்லி மாத்திரைகளும் விரிசலை மூடுவதில்லை. அவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி உண்ணாதீர்கள். துண்டு உடைந்து வந்தால் அதனைப் பாலிலோ தூய நீரிலோ இட்டுக் கொண்டு செல்லுங்கள்.

கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலுடன் வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் தாமதியாமல் 108 ஊர்தியை அழையுங்கள். நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் கீழ்த்தாடையில் வலி தோன்றி, வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால் அது பல்வலியன்று, மாரடைப்பாக இருக்கலாம். அதற்கும் 108-ஐயே அழைக்க வேண்டும்.

எங்கே செல்வது?

விளாத்திகுளம் வட்டாரத்தினர் முதலில் விளாத்திகுளம் அரசு மருத்துவமனையை அணுகி, பல் மருத்துவர் இருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்து செல்லலாம். மேற்சிகிச்சைக்கு எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படலாம். உறை பொருத்தும் வசதி எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. ஆகவே, வேர் சிகிச்சை தொடங்குமுன்பே உறை எங்கே, எப்போது போடப்படும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய எக்ஸ்ரே படங்களையும் மருந்துச்சீட்டுகளையும் நீங்கள் குறித்துவைத்த தாளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.