இருமடங்கு அதிர்வெண்: தண்டு நேரின்மையை இனங்காணும் விதி குறித்து ஓர் ஐயம்

சுழல் எந்திரத்தின் நிறமாலையில், சுழல்வேகத்தின் இருமடங்கில் முகடு எழுந்தால் ‘அலைன்மென்ட் அவுட்’, அதாவது தண்டு நேரின்மை, என்பது பட்டறை வாய்பாடு. அந்த முகட்டை ‘2 எக்ஸ்’ என்பார்கள். இதற்குக் கோட்பாட்டு வலு சேர்த்தவற்றுள் முக்கியமானது, சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.எஸ். சேகரும் பி.எஸ். பிரபுவும் 1995இல் வெளியிட்ட கட்டுரை. அதன் வாசிப்பைத்தான் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

தண்டு, கப்ளிங், பேரிங் மூன்றையும் அவர்கள் ஒரே கணித மாதிரியில் இணைத்தனர். இணைத் தவறுக்கும் கோணத் தவறுக்கும் கப்ளிங்கில் எழும் விசைகளையும் திருப்புத்திறன்களையும் வருவித்து அதில் ஊட்டினர். நேரின்மையின் அடையாளம் 2 எக்ஸ் துலங்கலே என்று முடித்தனர். உழைப்பு பெரிது, கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நேரியல் மாதிரியில் வெளிவரும் அதிர்வெண், உள்ளே ஊட்டிய விசையின் அதிர்வெண்தான். ஆகவே 2 எக்ஸ் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. விசையோடு சேர்ந்தே உள்ளே போயிருக்கிறது.

இயற்பியல்படி, நேரின்மையின் முதல் விளைவு திசை மாறாத சுமை. பேரிங்கை ஒரே பக்கமாக அழுத்தும், சூடேற்றும். எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புள்ள தண்டு அந்தச் சுமையோடு அதிராமலே சுழலக்கூடும். அதிர்வு பிறக்க வேறொன்று இடையே வரவேண்டும்: கப்ளிங்கின் அமைப்பு, தண்டின் விறைப்பு வேறுபாடு, எண்ணெய்ப் படலத்தின் நேரியல் அல்லாத தன்மை. ஹூக் மூட்டு கோணத்தில் ஓடினால் சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறியிறங்கும். அங்கே 2 எக்ஸ் நியாயமானது. உலோகத் தட்டுக் கப்ளிங்கை டெவெலும் மிட்செலும் 1984இல் சோதித்தபோது 4 எக்ஸும் உடன் வளர்ந்தது. என் வாசிப்பில் முகடு காட்டுவது கப்ளிங்கின் வடிவத்தை. நேரின்மை அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே. விரிசல் விட்ட தண்டும் 2 எக்ஸ் தரும் என்பதை வாய்பாடு எளிதில் மறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டில் சற்றுத் தங்குவோம். காரைக்குடியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருமுனை மோட்டார் ஒன்று. வேகம் நிமிடத்துக்கு 2,980 சுற்று. சுழல் அதிர்வெண் 49.67, அதன் இருமடங்கு 99.33 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்த இழுப்போ சரியாக 100 ஹெர்ட்ஸில் அதிரும். இடைவெளி 0.67 ஹெர்ட்ஸ். ஆயிரம் ஹெர்ட்ஸ் அகலத்தை 400 கோடுகளாகப் பகுத்தால் கோட்டுக்கு 2.5 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே முகடாகத் தெரியும். மின்கோளாறுள்ள மோட்டாருக்கு, பாவம், அடியில் சிம் தகடு வைத்துக்கொண்டிருப்பார்கள். 200 ஹெர்ட்ஸை 800 கோடுகளாக்கினால் பிரியும். அதைவிட எளிய சோதனை சுவிட்சை அணைப்பது: மின்முகடு அக்கணமே மறையும், எந்திரமுகடு வேகத்தோடு மெல்ல இறங்கும்.

தில்லி ஐ.ஐ.டி.யின் பட்டேலும் தார்ப்பேயும் 2009இல் முன்சுழற்சியையும் பின்சுழற்சியையும் பிரித்துக் காட்டும் முழு நிறமாலையைக் கையாண்டனர். ஒற்றை முகட்டை நம்புவதைவிட இது நல்ல வழி.

வாய்பாடு எப்போது வேரூன்றியது? 1976இல் கிப்பன்ஸ் கப்ளிங் விசைகளைக் கணக்கிட்டார். 1984இலோ டெவெல், மிட்செல் கையில் அதிர்வெண்ணே துப்பாகிவிட்டது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் நிறமாலைக் கருவி ஆலைகளுக்குள் பரவியபோது, ஏட்டுக்கு முன்பே பட்டறையில் விதி உருவாகியிருக்கும் என்பது என் ஊகம். அதற்குமேல் ஆண்டை இறுக்கிச் சொல்லச் சான்று போதாது. 1995ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த விதியைத் தோற்றுவிக்கவில்லை, வழிமொழிந்தது என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் குறைவு.