சிறுதேர் உருட்டும் பருவம்

சென்ற திங்களில் நம் உறவினர் ஒருவர் இல்லத்தில் அவர்தம் பெயரனுக்கு இரண்டாம் ஆண்டு நிறைவு விழா நடைபெற்றது. வந்தோர் பலரும் பரிசில் கொணர்ந்தனர். மின்கலத்தால் தானே ஓடும் வண்டி ஒன்று, பொத்தானை அழுத்தினாற் பாடும் கரடி ஒன்று, கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்க பட்டாடைப் பாவை ஒன்று. இவ்வாறாக ஒரு கட்டில் நிறைந்தது. குழந்தை அவ்வண்டி ஓடுவதை இருமுறை பார்த்தது. மூன்றாம் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னர் அவ்வண்டி வந்த அட்டைப் பெட்டியில் தொங்கிய கயிற்றைப் பற்றி, அப்பெட்டியை முற்றமெங்கும் இழுத்துத் திரிந்தது. உண்ணும் வேளையிலும் அதனை விட்டிலது. பாட்டனார் என்னை நோக்கி, "தம்பி, இத்துணைப் பொருள் செலவிட்டும் இப்பிள்ளைக்கு வேண்டியது யாதென ஒருவருக்கும் தெரியவில்லையே!" என்றார்.

பெரியவர் கூறியது முற்றும் பொருந்தாது. நம் முன்னோருக்கு அது நன்கு தெரிந்திருந்தது. அதிலும், தச்சுத் தொழிலை மரபாகக் கொண்ட நம்மவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது. அவ்வரலாற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடுவது என்பதை அன்பர்கள் அறிவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவாவன. ஆண்பாற்குரிய இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. இப்பருவங்களின் கால எல்லை நூல்தோறும் வேறுபடுதலும் உண்டு. எனினும், மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் ஈறாக, ஒரு திங்கள் இடைவிட்டு ஒரு திங்களாக இவற்றை வைத்தெண்ணுவது பெருவழக்கு. அவ்வாறு எண்ணுமிடத்து, சிற்றில் 17-ஆம் திங்களிலும், சிறுபறை 19-ஆம் திங்களிலும், சிறுதேர் 21-ஆம் திங்களிலும் வந்து நிற்கும். அஃதாவது, குழந்தை இரண்டாம் ஆண்டை நிறைவுசெய்ய நெருங்குங் காலத்திற்கு நம் புலவர் வகுத்த விளையாட்டுகள் இம்மூன்றுமே.

இம்மூன்றன் இயல்பையும் சிறிது நோக்குவாம். சிற்றில் என்பது சிறுமியர் மணலிற் கட்டும் சிறுவீடு. பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளை அதனைக் காலால் அழிக்க ஓடி வருவான். அழியாதே என அச்சிறுமியர் இரந்து வேண்டுவர். சிறுபறை கையாற் கொட்டி முழக்குவது. சிறுதேர் கையால் உருட்டுவது. ஒன்று சிதைவது, ஒன்று ஒலிப்பது, ஒன்று உருள்வது. இவை வெவ்வேறாயினும் ஒரு தன்மையில் ஒத்தன. குழந்தை கைவைத்தாலன்றி இவற்றுள் ஒன்றும் நிகழாது. கைவைத்த அளவிலே நிகழ்ந்துவிடும்.

இனி, இச்சிறுதேர் பிள்ளைத்தமிழ்க் காலத்திற் புதிதாகத் தோன்றியதன்று. சங்க நூல்களிலேயே அது பல இடங்களில் உருண்டோடுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனை முற்றத்தைக் காட்டுகின்றார். அங்கே உலர்ந்த நெல்லைக் கொத்த வந்த கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி, குதிரையின்றிப் பிள்ளைகள் உருட்டும் மூன்றுசக்கரத் தேரை வழிமறித்துக் கிடக்கின்றது. பொற்குழையைக் கல்லென எறியும் செல்வர் வீட்டிலும் பிள்ளைக்குக் கொடுத்தது கையால் உருட்டும் தேரே என்பது கருதத்தக்கது.

அப்புலவரே தாம் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மீண்டும் இத்தேரைக் கொணர்கின்றார். அங்கே வரும் பிள்ளைகள் தளர்நடையினர். ஏறிச் செலுத்தப்படாத அழகிய சிறுதேரை உருட்டி உருட்டி இளைத்து, செவிலியின் பாலை உண்டு, படுக்கையில் உறங்கிவிடுகின்றனர். இரண்டு வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்தவர் எவரும் இக்காட்சியை உடனே அறிந்துகொள்வர். அத்தேரைப் பற்றிப் புலவர் கூறும் அடைமொழியோ நம்மவர் நெஞ்சிற் பதிக்கற்பாலது. அது தச்சருடைய சிறுவர்களும் கண்டு விரும்பும்படி செய்யப்பட்டதாம். நாள்தோறும் தந்தையின் பட்டறையிலே தேரும் சக்கரமும் கண்டு பழகிய பிள்ளையும் ஆசைப்படுமாயின், அதனினும் சிறந்த நற்சான்று விளையாட்டுப் பொருளுக்கு வேறு யாது வேண்டும்?

குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் இன்னும் நுட்பமாக ஒன்று கூறுகின்றார். தச்சன் செய்து தந்த சிறுதேரில் ஏறி ஊர்ந்து இன்பம் அடையாராயினும், அதனைக் கையால் ஈர்த்தே இளையோர் இன்பம் அடைவர் என்பது அவர் காட்டும் உவமை. தலைவனோடு கூடியதனாலன்றி, அவனோடு கொண்ட நட்பினாலேயே தலைவி இன்புற்றாள் என்பதற்கு இதனை அவர் எடுத்தாள்கின்றார். நமக்கு வேண்டுவது உவமையின் உண்மை. ஏறி அமர்ந்து ஏவலாற் செல்வது பெரியோர் இன்பம். தான் ஈர்க்க அது தன் பின்னே வருதல் குழந்தையின் இன்பம்.

தமிழகத்திற்கு அப்பாலும் பழைய சான்றுகள் உள. சிந்து வெளியில் மொகஞ்சதாரோவும் அரப்பாவும் 1920-களில் அகழப்பட்டபோதும், சானுதாரோ 1935-36-இல் அகழப்பட்டபோதும், சுடுமண்ணாற் செய்த சிறு வண்டிகளும் சக்கரங்களும் மிகப் பல கிடைத்தன. கயிற்றை இழுத்தாற் தலையசைக்கும் காளையும், பறவை வடிவான ஊதுகுழலும், உள்ளே பரலிட்ட கிலுகிலுப்பையும் அவற்றோடு கிடைத்தன. ஏறக்குறைய 4500 ஆண்டுகட்கு முற்பட்ட அம்மக்களும் உருள்வதையும் ஒலிப்பதையுமே பிள்ளைகளின் கையிற் கொடுத்தனர்.

கிரேக்க நாட்டுப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டில், தமது அரசியல் நூலில் ஆர்க்கிட்டாஸ் என்பார் அமைத்த கிலுகிலுப்பையைப் பாராட்டுகின்றார். இளங் குழவி வாளா இருக்கமாட்டாது; கையில் அதனைக் கொடுத்தால் வீட்டிலுள்ள பொருள்களை உடையாதிருக்கும் என்பது அவர் கூறும் காரணம். நகைக்கத்தக்கதுபோற் தோன்றினும், இதில் ஆழ்ந்த உண்மை உண்டு. குழந்தை உடைப்பது தீக்குணத்தாலன்று. செயல் வேண்டுமென்னும் விருப்பத்தால். செயலுக்கு இடங்கொடுக்கும் பொருள் இல்லையேல், இருக்கும் பொருளே அதற்கு இரையாகும்.

ஆங்கில நாட்டு ஜான் லாக் என்னும் தத்துவ அறிஞர் 1693-இல் வெளியிட்ட கல்வி நூலிலே, வழவழப்பான கூழாங்கல்லும், ஒரு துண்டுத் தாளும், தாயின் சாவிக்கொத்துமே சிறு குழந்தையை மகிழ்விக்கப் போதும் என்றார். கடையில் விலைகொடுத்து வாங்கும் விந்தைப் பொருள்கள் விரைவிற் கெட்டு உடைந்துபோவன என்பதும் அவர் கருத்து. மற்றொன்றும் அவர் வற்புறுத்தினார்: விளையாட்டுப் பொருள் பல இருக்கலாம், ஆனால் ஒரு வேளைக்கு ஒன்றே பிள்ளையின் கையிலிருத்தல் வேண்டும். கட்டில் நிறைய விளையாட்டுப் பொருள்களைக் குவித்து, நடுவே குழந்தையை இருத்தும் நம் காலத்தவர் இதனைச் சிந்தித்தல் நன்று.

செர்மனி நாட்டு ஃபுரோபெல் என்பார் 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரிற் சிறுவர்க்குரிய விளையாட்டு நிலையம் ஒன்று நிறுவினார். அதற்கு 1840-இல் அவர் இட்ட பெயரே குழந்தைத் தோட்டம் என்னும் பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்பது. அவர் குழந்தைகட்கு வகுத்த முதற் பரிசில் கம்பளி நூலாலாகிய ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது மரத்தாலாகிய உருண்டையும் உருளையும் கனசதுரமும். மூன்றாவது எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரிக்கத்தக்க ஒரு கனசதுரம். கட்டியதை அழித்து மீண்டும் கட்டுதற்கு அவை உதவின. நம் பிள்ளைத்தமிழின் சிற்றிலையே மரத்திற் கடைந்தெடுத்தாற் போல்வது அம்மூன்றாம் பரிசில் எனலாம்.

இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமை நகரத்து ஏழைகள் வாழும் பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கு அழகிய பொம்மைகளும் வைக்கப்பட்டிருந்தும், பிள்ளைகள் அவற்றை நாடாது, கையால் எடுத்துப் பொருத்தியும் அடுக்கியும் செய்யும் வேலைகளையே விரும்பிச் சென்றனர் என்று அவர் எழுதியுள்ளார். இவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்கட்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்திற் கோடைக்கானலில் வாழ்ந்து, 1946-இல் ஐரோப்பா திரும்பினார்.

நிற்க. விலையுயர்ந்ததையே குழந்தைகள் கேட்கின்றனவே என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாவும் புதிதன்று. சூத்திரகர் இயற்றிய மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்திற்குப் பெயர் தந்ததே ஒரு களிமண் வண்டி. சாருதத்தனுடைய மகன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியோடு விளையாடியபின், தன் மண்வண்டியை வேண்டாது அழுகின்றான். வசந்தசேனை மனமிரங்கித் தன் அணிகலன்களை அம்மண்வண்டியில் இட்டு நிரப்புகின்றாள். அவ்வணிகளே பின்னர் வழக்கு மன்றத்திற் சாருதத்தனுக்கு எதிரான சான்றாய் வந்து விழுகின்றன. ஆயின், அப்பிள்ளை பொன்னுக்கும் மண்ணுக்கும் வேற்றுமை அறியும் வயதினன். பேசவும் வினவவும் வல்லவன். இரண்டு வயதுக் குழவிக்கு அவ்வேற்றுமை இன்னும் தெரியாது. விலையின் ஆசை பின்னர் நம்மிடமிருந்து கற்றுக்கொள்வதேயாம்.

விலையைக் குழந்தை அறியாததுபோலவே தீங்கையும் அறியாது. இவ்வயதில் அனைத்தும் வாய்க்குச் செல்லும். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மருத்துவர் லாக்ஹார்ட்டு கிப்சன் என்பார், வீட்டுத் தாழ்வாரத்துக் கம்பிகளிற் பூசிய ஈயச் சாயமே குழந்தைகளுக்கு நஞ்சாயிற்று என்பதை 1904-இலேயே எடுத்துக்காட்டினார். ஆதலின், சாயம் உதிரும் பொம்மையை எத்துணை அழகாயினும் விலக்குக. மூன்று வயதிற்குட்பட்டோர் பொருளைச் சோதிக்க, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு குழல் ஒன்றை ஆய்வாளர் கையாள்வர். அதனுள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது முடிபு. கழன்று விழும் பொத்தான் மின்கலமும் காந்தமும் விழுங்கப்படின் உயிர்க்கே இறுதி. இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாங்குவோர் அதனை நோக்கி வாங்குக.

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? இரண்டு வயதுக் குழந்தைக்கு இன்பம் தருவது, தான் செய்ய நிகழும் பொருள். தான் காண நிகழும் பொருளன்று. தானே ஓடும் வண்டியில், செய்யவேண்டுவதனைத்தையும் பொறியே செய்துவிடுகின்றது. குழந்தைக்கு யாதும் எஞ்சுவதில்லை. ஆதலின், கயிறு குறுகிய இழுவண்டி ஒன்று; கொட்டுதற்குச் சிறுபறை ஒன்று, அஃதில்லையேல் கவிழ்த்த பாத்திரமும் மரக் கரண்டியும்; முனை மழுங்க இழைத்த பத்துக் கட்டைகள்; ஒரு பந்து. இவை போதும். இவற்றையும் ஒருங்கே தராது, ஒன்றொன்றாகத் தருக. அடுக்கிய கட்டையைப் பிள்ளை தட்டிவிடும்போது சினவாது, மீண்டும் அடுக்கிக் கொடுக்க ஒருவர் அருகிருக்க.

உளி பிடிக்கும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். நிலைக்கதவு இழைத்து எஞ்சிய துண்டுகள் பட்டறையில் நாள்தோறும் அடுப்பிற்குப் போகின்றன. அவற்றுள் நான்கைத் தேர்ந்து, பிசிறின்றி இழைத்து, சாயம் பூசாது, மூன்று சக்கரங் கோத்து ஒரு தேர் செய்க. செய்து முடித்ததும் விற்பனைக்கு அனுப்புமுன் தம் வீட்டுப் பிள்ளையின் முன் வைக்க. அது அதனைப் பற்றிக்கொண்டு தர மறுக்குமாயின், பெரும்பாணாற்றுப்படை கூறிய தேரை நாமும் செய்துவிட்டோம் என மகிழலாம்.